முதுகுக் காற்றில் ஏறிய சூடு: பழைய டபுள் கெப்புக்குக் கியர் ஒயில் கூலர் பூட்டிய அனுபவம்

மாமாவின் டபுள் கெப் 1997ஆம் ஆண்டு ஜப்பானில் செய்தது. மூன்று லீற்றர் டீசல் என்ஜின், நாலு கியர் ஒட்டோ. கிழமைக்கு மூன்று நாள் யாழ்ப்பாணத்தில் இருந்து குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போய்வரும். போகும்போது நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகில் ஏற்ற வேண்டிய சீமெந்து, 50 கிலோ பை இருபது. வரும்போது ஐஸ் போட்ட மீன் பெட்டிகள். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரு தொன் பாரம்.

ஆடி மாதம் ஒரு பின்னேரம் மண்கும்பான் தாண்டி வரும்போது என்ஜின் மட்டும் உறுமியது, வண்டி இழுக்கவில்லை. மாமா ஓரங்கட்டி அரை மணித்தியாலம் ஆறவிட்டு எடுத்தார். ஒன்றும் நடக்காதது போல ஓடியது. அடுத்த கிழமை அதே இடத்துக்குக் கிட்ட மறுபடியும் அதே சோலி.

"காலமை போகேக்க ஒரு கரைச்சலும் இல்லையடா. பின்னேரம் வரேக்கதான்" என்றார். விடை முழுவதும் அந்த ஒரு வரிக்குள் இருந்தது. அதை நாங்கள் காதில் சரியாக வாங்கிக்கொள்ள ஒரு மாதம் எடுத்தது.

வித்துவிட்டு வேறு எடுக்கலாமே என்று பலர் சொன்னார்கள். 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நின்றது. 2025 மாசியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கெப் எல்லாம் பொன் விலைக்குப் போய்விட்டன. இருப்பதைப் பேணுவதுதான் மாமாவைப் போன்றவர்களுக்கு வழி. நான் வாகன மின்வேலை செய்பவன். கியர் பொக்ஸ் என் துறை இல்லை. கொக்குவிலில் கராஜ் வைத்திருக்கும் அண்ணை ஒருவரோடு சேர்ந்து செய்த வேலை இது.

அண்ணை முதலில் கியர் பொக்ஸின் ஒயில் கம்பியை இழுத்து என் மூக்கடியில் பிடித்தார். "மணந்து பார் தம்பி. கருகின மணம்." நல்ல ஒட்டோ கியர் ஒயில் செவ்வரத்தம்பூப் போலச் சிவப்பாக இருக்கும். இது சாயம் கூடின தேத்தண்ணி நிறம். வெள்ளைக் கடதாசியில் ஒரு சொட்டு விட்டோம். நடுவில் கறுப்புப் புள்ளியாக நின்றது, சுற்றி மெல்லிய பழுப்பு வளையம் பரவியது. கியர் பொக்ஸின் அடியில் ஒயில் நிற்கும் தட்டைச் சம்ப் என்போம். சம்பைக் கழற்றியபோது அதற்குள் இருந்த காந்தத்தில் சாம்பல் நிறக் களி பிடித்திருந்தது. விரலால் வழித்துத் தேய்த்துப் பார்த்தேன். மை போல வழுக்கியது, துணிக்கை ஒன்றும் குத்தவில்லை. களி என்றால் வழமையான தேய்மானம்தான். உலோகச் சீவல் வந்திருந்தால் ஒயிலை ஆற்றும் கூலரைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கியர் பொக்ஸையே பிரிக்க வேண்டும்.

"கூலர் ஒண்டு பெருசாப் பூட்டுவம், பிரச்சினை முடிஞ்சுது" என்றார் அண்ணை.

"முதல்ல எவ்வளவு சூடு எண்டு அளப்பம் அண்ணை. அளக்காமப் பூட்டினா, பூட்டினதால குறைஞ்சதோ இல்லையோ எண்டு எப்பிடித் தெரியும்?" என்றேன். அவருக்கு அது வீண் வேலையாகத்தான் பட்டது. ஆனாலும் சம்பின் பக்கவாட்டில் ஒரு நட் ஒட்டித் தந்தார். அதில் வெப்ப உணரியைப் பூட்டி, டாஷ்போர்டில் ஒரு சின்ன மீற்றர் வைத்தேன்.

சூடு எங்கே பிறக்கிறது

ஒட்டோ கியரில் என்ஜினையும் கியர் பொக்ஸையும் இணைப்பது டோர்க் கொன்வேற்றர். அதற்குள் ஒரு பக்கச் சுழலி ஒயிலை வீசும். மறுபக்கச் சுழலி அந்த ஒயிலின் உந்தலில் சுற்றும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாத வரைக்கும் நடுவில் ஒயில் கடையப்படுகிறது. கடையும் சக்தி முழுக்கச் சூடாகிறது. கியர் பொக்ஸின் சூட்டில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. வேகம் கூடும்போது உள்ளே ஒரு லொக் கிளச் விழுந்து இரண்டு சுழலியையும் ஒன்றாகப் பிடிக்கும். அதோடு கடைதல் நிற்கும். மாமாவின் கெப்பில் அந்த லொக் 60 கிலோமீற்றருக்கு மேல்தான் விழுகிறது. விழும்போது என்ஜின் சுற்று முள் பொட்டென்று ஒரு நூல் இறங்குவதைப் பார்க்கலாம். தீவுப் பக்கத் தெருவில் பாரத்தோடு 40இல் போகிற வண்டிக்கு லொக் விழவே விழாது. முழுப் பயணமும் கடைதல்தான்.

அந்தச் சூடான ஒயில் ஒரு குழாய் வழியே முன்னால் போய், ரேடியேற்றரின் கீழ்த்தொட்டிக்குள் இருக்கும் சின்னக் கூலரில் ஓடி, ஆறி, கியர் பொக்ஸுக்குத் திரும்புகிறது. கீழ்த்தொட்டித் தண்ணீர் எவ்வளவு சூடோ அதைவிடக் குறைவாக அந்தக் கூலரால் ஒயிலை ஆற்ற முடியாது. இதை மனதில் வைத்திருங்கள், பின்னால் வரும்.

சம்பில் 80 முதல் 95 பாகை வரை இருந்தால் ஒயில் நீண்ட நாள் இருக்கும். 80க்கு மேல் ஒவ்வொரு 11 பாகைக்கும் ஒயிலின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் கைக்கணக்காகச் சொல்வது. 115, 120 பாகையில் உள்ளே வார்னிஷ் போல ஒரு படலம் படியத் தொடங்கும். 125ஐத் தாண்டினால் ரப்பர் சீல்கள் இறுகும். அதற்கும் மேலே போனால் கிளச் தகடுகள் பிடிப்பை விடும்.

மூன்று பயணம் எழுதிவைத்தோம். காலை போகும்போது அதிகபட்சம் 108. பின்னேரம் திரும்பும்போது, அல்லைப்பிட்டிக்கு வருமுன்னே, 126. மாமா சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி. பாரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், தெரு ஒன்றுதான். பின்னேரம் வெயில் கூட என்று நாங்கள் காரணம் சொல்லிக்கொண்டோம். அந்த நாட்களில் காலைக்கும் பின்னேரத்துக்கும் வெளிச்சூடு மூன்று நாலு பாகைதான் வித்தியாசம். அது 18 பாகையாக எப்படி மாறும் என்று அப்போது நாங்கள் கேட்கவில்லை.

கூலர் பூட்டிய நாள்

கூலரில் பல விதம் உண்டு. வளைந்த ஒற்றைக் குழாயில் செட்டை வைத்தது மலிவு. மெல்லிய தட்டுகளை அடுக்கிச் செய்தது விலை கூட, ஆனால் அதே அளவு இடத்தில் நிறையச் சூட்டைக் கழிக்கும். கிரிலுக்குப் பின்னால் ஏசி கண்டென்சருக்கு முன்னே எங்களுக்கு இடம் குறைவு என்பதால் தட்டு அடுக்கியதையே எடுத்தோம். 28 சென்ரிமீற்றர் நீளம், 20 உயரம்.

கூலரோடு நாலு பிளாஸ்ரிக் கம்பிகள் வந்தன. அவற்றைக் கண்டென்சரின் செட்டைகளுக்குள்ளால் குத்தி இழுத்துக் கட்டச் சொல்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எங்கள் தீவுத் தெருவின் குலுக்கலுக்கு அந்தக் கம்பி செட்டையை அரைத்து, ஒரு வருடத்தில் கண்டென்சரைத் துளைத்துவிடும். அண்ணை தட்டை இரும்பில் இரண்டு கால் செய்து, வண்டியின் முன்பக்க நடுவில் நிமிர்ந்து நிற்கும் இரும்பில் நட் போட்டார். கண்டென்சருக்கும் கூலருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டோம். வாய்கள் இரண்டும் மேலே பார்க்கும்படி வைத்ததால் உள்ளே காற்று தங்காது.

பழைய ஹோஸைக் கழற்ற வளைத்ததும் முருங்கைக்காய் போலப் படக்கென்று முறிந்தது. அதற்கு முன்னால் இருந்த இரும்புக் குழாயை உப்புக்காற்று தின்றிருந்தது. துருவைச் சுரண்டினால் ஒயில் கசிந்த ஈரம் தெரிந்தது. கடலுக்கு நடுவால் போகும் பண்ணைப் பாலத்தால் கிழமைக்கு ஆறு தரம் போய்வருகிற வண்டிக்கு இது எதிர்பார்க்கக்கூடியதுதான். குழாயையும் மாற்றினோம். ஹோஸ் விடயத்தில் எனக்கும் அண்ணைக்கும் சின்ன வாக்குவாதம். அவரிடம் டீசல் ஹோஸ் கைவசம் இருந்தது. ஒட்டோ கியர் ஒயிலுக்கென்றே, 150 பாகைச் சூடு தாங்கும் என்று அச்சடித்த ஹோஸ்தான் வேண்டும் என்று நின்றேன். கழன்றால் கியர் பொக்ஸ் ஒயில் சில நிமிடத்துக்குள் தெருவில் நிற்கும். குழாய் நுனியிலும் சும்மா வெட்டினபடி ஹோஸைச் செருகக் கூடாது; நுனியைச் சற்றுப் புடைக்கவைத்து, புடைப்புக்குப் பின்னால் கிளிப் இறுக்க வேண்டும்.

பழைய கூலரை, அதாவது ரேடியேற்றருக்குள் இருப்பதை, சேர்ப்பதா விடுவதா என்ற கேள்வி வந்தது. அண்ணை விடச் சொன்னார். காரணம் நியாயமானது: கிட்டத்தட்ட முப்பது வருடப் பழைய பித்தளைக் கூலர் உள்ளே ஓட்டை விட்டால், ரேடியேற்றரில் ஓடும் கூலன்ற் ஒயிலோடு கலந்து இளஞ்சிவப்புப் பால் போல ஆகிவிடும். கிளச் தகட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுக் கடதாசியை அது ஊறவைத்து உரித்துவிடும். அதற்குப் பிறகு கியர் பொக்ஸைக் காப்பாற்றுவது கடினம். போதாததற்கு அதனூடாக ஒயில் ஓடிய வேகமும் குறைவு. திரும்பும் ஹோஸைப் போத்தலுக்குள் விட்டு, என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு மணிக்கூடு பார்த்தோம்: ஒரு லீற்றர் வர 38 விநாடி. இருபது விநாடிக்குள் வருவது நல்லது, முப்பதைத் தாண்டினால் எங்கோ அடைப்பு. இந்தச் சோதனையில் ஒரு லீற்றர் வந்ததும் என்ஜினை நிறுத்திவிட வேண்டும், பம்ப் வறண்டு ஓடக் கூடாது.

குளிர் நாட்டில் ரேடியேற்றருக்குள் இருக்கும் கூலர் காலையில் ஒயிலைச் சூடாக்கியும் கொடுக்கும். எங்களுக்கு மார்கழி விடியலில்கூட அந்தத் தேவை இல்லை. ஆகவே உள்கூலரை விட்டுவிட்டு, ஒயிலை நேராகப் புதுக் கூலருக்கு அனுப்பினோம்.

ஒயில் பற்றி ஒரு வார்த்தை. இந்த வண்டிக்கு டெக்ஸ்ரன் தரம். அது ஜெனரல் மோட்டர்ஸ் வகுத்தது. அதன் மூன்றாவது பதிப்பு 1993இல் வந்தது, ஆறாவது 2005இல். ஆறாவது வந்த பிறகு மூன்றாவதுக்கு உரிமம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இன்று போத்தலில் டெக்ஸ்ரன் மூன்று என்று இருந்தால் அது ஒயில் செய்தவரின் சொந்த வாக்கு, வேறு யாரும் சான்று கொடுத்ததில்லை. அறிந்த கடையில், மூடி உடைக்காத போத்தலாக வாங்குங்கள். சம்பைக் கழற்றினால் நாலு லீற்றர்தான் இறங்கும். மற்றைய நாலு கொன்வேற்றருக்குள் நிற்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கழுவித் தள்ளாமல் இரண்டு கிழமை இடைவெளியில் இரண்டு தரம் மாற்றினோம். முதல் தரம் பாதி பழசு மிஞ்சும், இரண்டாம் தரம் கால்வாசி.

பொலித்தீன் துண்டு

அடுத்த பயணம் போகும்போது 91. எல்லாருக்கும் சந்தோசம். அண்ணைக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னோம். பின்னேரம் திரும்பும்போது நானும் கூட இருந்தேன். புங்குடுதீவு தாண்டி வேலணைக்குள் வர 104. மண்கும்பானில் 117. மாமா ஒன்றும் பேசவில்லை. வண்டியை ஓரங்கட்டி பொனற்றைத் திறந்துவிட்டு நின்றார். அவ்வளவு காசைப் போட்டு அவ்வளவு வேலை செய்த பிறகும் அந்த முள் ஏறுவதைப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

கிரிலில் ஒரு பொலித்தீன் துண்டு மாட்டியிருந்தது, சீமெந்துப் பையைச் சுற்றி வந்ததாக இருக்க வேண்டும். காலையில் போகும்போது வேலணைச் சந்தியில் நிறுத்தித் தேத்தண்ணி குடித்தோம். அப்போது அது கிரிலோடு ஒட்டிக் கிடந்ததைக் கண்டேன். இப்போது அதே துண்டு கிரிலை விட்டு வெளியே, முன்னால் தெருவைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது. கையை வைத்தேன். என்ஜின் பக்கத்தில் இருந்து சூடான காற்று கிரில் வழியாக என் கையில் அடித்தது.

ஆடியில் எங்களுக்குச் சோளகம். தென்மேற்கில் இருந்து இரைந்துகொண்டு வரும். குறிகாட்டுவான் யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே. போகும்போது சோளகம் நெற்றியில் அடிக்கும், வரும்போது முதுகில். 40இல் போகிற வண்டிக்கு எதிரே 30இல் காற்று வந்தால் கிரிலுக்கு 70 கிலோமீற்றர் காற்று. அதே காற்று முதுகில் அடித்தால் மிஞ்சுவது 10. சிறு பிள்ளைக் கணக்கு. நாங்கள் பூட்டிய கூலர் நம்பியிருந்தது அந்தக் காற்றை மட்டும்தான்.

சரி, ஆனால் என்ஜின் காற்றாடி எதற்கு இருக்கிறது? நிற்கும் வண்டியிலும் அது பின்னால் இருந்து காற்றை இழுக்க வேண்டும். பொலித்தீன் துண்டு கிரிலோடு ஒட்டியே கிடக்க வேண்டும். என்ஜினை நிறுத்தி, அது முற்றாக நின்ற பிறகு காற்றாடியைக் கையால் சுண்டினேன். சூடான என்ஜினில் அது அரைச் சுற்றோடு இறுகி நிற்க வேண்டும். மூன்று சுற்று சுற்றியது. நடுவில் உள்ள கிளச்சுக்குள் சிலிக்கன் ஒயில் இருக்கும்; சூடு ஏறும்போது அந்த ஒயில்தான் காற்றாடியை என்ஜினோடு பிடித்துச் சுற்றவைக்கும். எங்களுடையதில் அது எப்போதோ கசிந்து போயிருந்தது. கிளச்சின் முகத்தில் தூசி அப்பிய ஒரு எண்ணெய்க் கோடு, அவ்வளவுதான் மிச்சம்.

கிளச்சை மாற்றினோம். திரும்பும் சூடு 104க்கு இறங்கியது. நல்ல குறைவு, ஆனாலும் இன்னும் கூடுதல்தான்.

அப்புறம்தான் ரேடியேற்றரைப் பார்த்தோம். டாஷ்போர்ட் முள் இவ்வளவு காலமும் நடுவிலேயே நின்றதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் அந்த முள் ஒரு பெரிய இடைவெளிக்குள் அசையாமல் நிற்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. தொடாமல் சூடு பார்க்கும் கருவியால் ரேடியேற்றரின் முகத்தை வரி வரியாக அளந்தேன். நடுவில் 90, இடது பக்கத்தில் ஒரு கை அகலத்துக்கு 60. அந்தக் குழாய்களுக்குள் தண்ணீரே ஓடவில்லை.

மாமா சொல்லித்தான் காரணம் தெரிந்தது. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற காலத்தில் கூலன்ற் கைக்கெட்டாத விலை. கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது. ஒவ்வொரு வீட்டுக் கேத்திலின் அடியிலும் வெள்ளையாகப் படிந்திருப்பது என்னவோ, அதுதான் ரேடியேற்றருக்குள்ளும் படியும். சூடாக்கினால் கரைந்திருக்கும் சுண்ணாம்பு வெளியே வரும். சூட்டைக் கடத்துவதில் அந்தப் படிவு செம்பைவிட நூறு மடங்குக்கும் மேல் மோசம். கீழ்த்தொட்டியில் தண்ணீர் ஆறாமல் நின்றதால் உள்கூலரும் ஒயிலை ஆற்றவில்லை. கியர் பொக்ஸ் நோயென்று நாங்கள் வைத்தியம் பார்த்தது பாதிக்குமேல் தண்ணீர் நோய்.

ரேடியேற்றர் வேலை செய்யும் இடத்தில் மேல்தொட்டியின் ஈயப் பற்றைக் கழற்றி, குழாய்களுக்குள் மெல்லிய தகட்டுக் கம்பி விட்டுச் சுரண்டினார்கள். வெளியே வந்ததை ஒரு பேப்பரில் கொட்டிக் காட்டினார்கள்: முட்டைக்கோது போல வெள்ளைத் துண்டுகள், இரண்டு கை நிறைய. அப்போதே உள்கூலரையும் கழுவி, ஒரு வாயை அடைத்து மறு வாயால் காற்று ஏற்றித் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பார்த்தோம். பத்து நிமிடம். ஒரு குமிழிகூட வரவில்லை.

அதனால் முடிவை மாற்றினோம். ஒயில் இப்போது முதலில் ரேடியேற்றரின் உள்கூலருக்குப் போகிறது, பிறகு வெளிக் கூலர், பிறகு கியர் பொக்ஸ். காற்று இல்லாமல் வண்டி ஊரும் நேரத்தில் தண்ணீர் ஒயிலின் சூட்டை வாங்கிக்கொள்ளும். காற்று கிடைக்கும் நேரத்தில் வெளிக் கூலர் மிச்சத்தைக் கழிக்கும். ஒழுங்கு மாறினால் கேடு: வெளிக் கூலர் ஆற்றிய ஒயிலைத் தண்ணீர் மறுபடி சூடாக்கி அனுப்பும். லீற்றர் சோதனை இப்போது 19 விநாடி. ரேடியேற்றருக்குள் கூலன்ற் பாதி, பற்றறிக்கு விடும் தண்ணீர் பாதி. கிணற்றுத் தண்ணீர்க் கலனை மாமி வண்டியில் இருந்து எடுத்து அடுக்களைக்குக் கொண்டுபோய்விட்டார்.

அண்ணையோடு எனக்கு இன்னும் ஒரு கருத்து வேறுபாடு உண்டு. உள்கூலரை எவ்வளவு சோதித்தாலும் பழசு பழசுதான், விட்டிருக்கலாம் என்கிறார். அவர் பயம் பொய்யில்லை. அதற்காக ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஒயில் கம்பியை வெள்ளைக் கடதாசியில் துடைத்துப் பார்ப்பது என்று ஒப்புக்கொண்டோம். பால் நிறம் ஒரு துளி தெரிந்தாலும் அன்றைக்கே வண்டி நிற்கும். முழுதாகப் புது ரேடியேற்றர் போடக் காசு வந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மாமாவின் ஓட்டத்திலும் ஒரு மாற்றம். பாரத்தோடு தாம்போதியில் ஏறும்போது ஓவர் ட்ரைவை, அதாவது நாலாம் கியரை, அணைத்துவிடுகிறார். முன்பு நாலுக்கும் மூன்றுக்கும் நடுவில் கியர் தேடித் தேடி மாறிக்கொண்டிருக்கும். இப்போது மூன்றிலேயே நிற்கிறது.

ஆவணி கடைசியில், சோளகம் இன்னும் ஓயாத ஒரு நாள், அவர் தனியே போய்வந்தார். சீமெந்து பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார்: போக 86. வர, மண்கும்பான், 93.